இல்லைன்னு சொல்ல முடியாது

பஃபலோ ரோடு முனையில் டீக்கடை வைத்திருந்த பாய், என் நண்பரைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார்.

"டீ நல்லாருக்கா சார்?"

"நல்லாயில்லைன்னு சொல்ல முடியாது பாய்."

"அப்ப நாளைக்கு வெறும் சுடுதண்ணி தரேன். அதையும் இல்லைன்னு சொல்ல மாட்டீங்கள்ல?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதையும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசிப்பார். "தண்ணின்னு தெரிஞ்சா சொல்லிடுவேன் பாய். தெரியற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

பாய் தோளில் கிடந்த துண்டால் மேசையை ஓங்கித் துடைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். இந்த ஆளோடு எப்படி சார் காலம் தள்ளுகிறீர்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர் இருந்திருந்தால், "இது நான்தான்னு சொல்லவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது" என்று சொல்லி நகர்ந்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கணிதம், புள்ளியியலில் முதுகலைப் பட்டத்துக்கு மாலை வகுப்பில் சேர்ந்தோம். பகலில் நான் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். வேலை முடிந்து இருவரும் தேக்கா பக்கம் பேருந்து ஏறி, புக்கிட் தீமா சாலையின் நெரிசலில் நின்றுகொண்டே போய், வகுப்பறையில் விழுவோம். மற்ற மாணவர்கள் சீனர்கள். தமிழர் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் ஒரே மேசை. நான் வாத்தியார் வேலை பார்த்ததால் அவர் என்னை "வாத்தியாரே" என்பார். அவர் என்னைவிட மூத்தவர் என்பதால் நான் "அண்ணே" என்பேன்.

அந்தப் படிப்பில் ஒரு சொல்முறை உண்டு. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு சான்றுகளை வைத்துச் சோதிக்கிறோம். சான்று எதிராக இருந்தால் அந்தக் கருத்தைத் தள்ளுகிறோம். எதிராக இல்லாவிட்டால், ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று எழுதக் கூடாது. ‘தள்ள முடியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். எங்கள் விரிவுரையாளர் வெள்ளைக்காரர், சுண்ணாம்புக்கட்டியை உடைத்து உடைத்து எறிகிறவர். ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று எழுதிய விடைத்தாள்களைச் சிவப்பு மையால் குத்திக் கிழித்துவிடுவார். நாங்கள் எல்லாரும் அதை மதிப்பெண்ணுக்காகக் கற்றோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருவர்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் சிராங்கூன் சாலை நிறுத்தத்தில் கூடையோடு நின்ற ஓர் அம்மாள், வந்து நின்ற பேருந்தைக் காட்டி, "தம்பி, இது ஜூரோங் போகுமா?" என்று கேட்டார்.

"போகாதுன்னு சொல்ல முடியாதுங்க."

"போகுமா, போகாதா?"

"எண் அந்த எண்தான். ஆனா சில நேரம் பாதி வழியில திருப்பிடறாங்க..."

பேருந்து போய்விட்டது. அந்த அம்மாள் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். நான் வெயிலில் வேர்த்துப்போய், "போகும்னு சொன்னா என்னண்ணே குறைஞ்சு போச்சு?" என்று கத்தினேன். எனக்கு அடுத்த பேருந்து வரும்வரை மனம் ஆறவில்லை. அவரோ, "போகும்னு நான் சொல்லி அது போகலன்னா அவங்க எங்க இறங்குவாங்க வாத்தியாரே?" என்றார். அந்தப் பாதிவழி நிறுத்தத்தில் அந்த அம்மாள் கூடையோடு நிற்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார் போலிருந்தது.

அவருடைய அலுவலகத்தைப் பற்றி நான் ஒருமுறை விளையாட்டாக, "யார் எப்ப சாவாங்கன்னு கணக்குப் போடற வேலை உங்களுக்கு" என்றேன்.

"யார்னு இல்ல. எத்தனை பேர்னு" என்று திருத்தினார். "பத்தாயிரம் பேரக் கொண்டாங்க, வர்ற வருசம் ஏறத்தாழ எத்தனை பேரு போவாங்கன்னு சொல்றேன். ஒரே ஒருத்தரக் கொண்டாந்து நிறுத்தினீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

இந்த வேறுபாட்டை அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது, சனிக்கிழமைகளில் சேர்ந்து படிக்க அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு விளங்கியது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி. அவருடைய அம்மா, அண்ணி, அண்ணியின் எட்டு வயதுப் பெண் குழந்தை, அவர். கத்தோலிக்கக் குடும்பம். சுவரில் திருஇருதயப் படம், அதன் கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் அவர் அண்ணனின் புகைப்படம். படத்துக்கு மாலை இல்லை.

அண்ணன் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பிறகு மரம் ஏற்றிவரும் ஒரு சின்னக் கப்பலில் இயந்திர அறைக்குப் போனார். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கப்பல் திரும்பவில்லை. ஒரு மிதவை கிடைத்தது என்றார்கள். பிறகு அது வேறு கப்பலின் மிதவை என்றார்கள். அவ்வளவுதான் செய்தி. நான் அந்த வீட்டுக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது அது.

"அவன் நல்லா நீந்துவான் சார்" என்று அம்மா முதல் நாளே என்னிடம் சொன்னார், காப்பியை நீட்டிக்கொண்டே. "ஏதாச்சும் தீவுல ஒதுங்கியிருப்பான். போர்னியோ பக்கம் எத்தன தீவு இருக்கு!" தீவுகளை எண்ணிச் சொல்லச் சொல்லியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். காப்பியை வாங்கிக்கொண்டேன்.

அன்று அம்மாதான் இன்னொன்றும் சொன்னார். "இவன் சின்னப் புள்ளையில இப்படி இல்ல சார். எதுக்கெடுத்தாலும் ஆமாம் ஆமாம்னு துள்ளுவான். அண்ணன் போனதுக்கு அப்புறந்தான் வாய இப்படி வச்சுக்கிட்டான்."

நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். புள்ளியியல் அவருக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பேச்சுக்கு ஏற்ற படிப்பை அவர் தேடி வந்திருந்தார்.

அண்ணி ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், அவர்கள் போகும் அதே பங்குக் கோயிலில் பாடல் குழுவில் பாடுகிறவர், அண்ணியை மணந்துகொள்ளக் கேட்டிருந்தார். அண்ணிக்கும் சம்மதம். குழந்தை அவரை ஏற்கெனவே மாமா என்று கூப்பிட்டு மடியில் ஏறிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் ஏழு ஆண்டு கேட்கும், அந்த ஏழும் கடந்துவிட்டிருந்தன. திருச்சபைக்கு ஆண்டுக்கணக்கு மட்டும் போதாது. கணவர் இறந்துவிட்டார் என்ற உறுதி மனத்தளவிலாவது வரவேண்டும். அவரை நன்கு அறிந்தவர்கள் பங்குத்தந்தை முன்னால் வந்து சொல்லவேண்டும். அம்மா சொல்லமாட்டார். கப்பல் கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. மிஞ்சியது தம்பியின் வாய்.

அந்த வாயோ, டீ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாத வாய்.

முதல் முறை பங்குத்தந்தையிடம் போய்வந்த கதையை அண்ணிதான் என்னிடம் சொன்னார். தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்களே கேளுங்க சார் இந்த அநியாயத்த. ஃபாதர் கேக்கறாரு, ‘உங்க அண்ணன் இறந்துட்டார்னு உங்களுக்கு நிச்சயமாப் படுதா’ன்னு. இவரு என்னா கேட்டாரு தெரியுமா? ‘நிச்சயம்னா எத்தன சதவீதம் ஃபாதர்?’"

"கேக்காம எப்படி அண்ணி பதில் சொல்றது?"

"ஃபாதர் கண்ணாடியக் கழட்டிட்டாரு. ‘தம்பி, ஆண்டவர் சதவீதம் பாக்கறது இல்ல’ன்னாரு. அதுக்கும் விட்டாரா? ‘தொண்ணூத்தஞ்சு போதுமா’ன்னாரு!"

"தொண்ணூத்தொம்பதும் சொல்லிப் பாத்தேன்" என்றார் அவர், பென்சில் முனையை ஊதிக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கோயில்ல நடக்காத கல்யாணம் எனக்கு வேணாம் சார். அத மட்டும் இவருகிட்ட சொல்லிருங்க" என்று உள்ளே போனார். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு அங்குலம் மிஞ்சியது.

அவருடைய ஆய்வுக்கட்டுரையின் பொருள் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று கணக்கிடும்போது ஒரு சிக்கல் வரும். சிலர் இறந்த நாள் தெரியும். சிலர் பாதியில் ஊர் மாறிப்போய்விடுவார்கள், கடிதத்துக்குப் பதில் இருக்காது. இவர்களை என்ன செய்வது? இறந்தவர்களோடு சேர்த்தால் தப்பு. அடியோடு விட்டுவிட்டாலும் தப்பு. கடைசியாகப் பார்த்த நாள்வரை உயிரோடு இருந்தார்கள் என்பது மட்டும் உண்மை. அதைக் காட்ட அந்தக் காலத்தின் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடுவார்கள். பத்து மாதம் கூட்டல் என்றால், பத்து மாதம்வரை இருந்தார், அதற்குமேல் தெரியாது என்று பொருள். எத்தனையோ தலைப்புகள் இருக்க, இந்த ஒன்றை ஏன் எடுத்தார் என்று விரிவுரையாளர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்நாளில் கணினிக்குத் தீனி அட்டைகள்தான். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் பச்சைக் கோடு போட்ட அகலமான தாளில் விடை வரும். ஒரு அட்டை இடம் மாறினால் தாள் முழுக்கக் குப்பை. நான் என் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவேன். அவர் தாள்கள் ஒருநாள் ஒழுங்காக வந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்துவைத்துவிட்டு, அவரும் நானும் கீழே கடைக்குப் போய்த் திரும்பினோம்.

அம்மா தரையில் தாளின் முன்னால் முழந்தாளிட்டிருந்தார். கையில் ஜெபமாலை.

"என்னம்மா பண்றீங்க?"

"ஏண்டா, இத்தன பேரா செத்திருக்காங்க? வரிசையா சிலுவ போட்டிருக்கே. ஆளுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டு வரேன். இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு."

அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, இது சிலுவ இல்ல. கூட்டல் குறி."

"சிலுவையாட்டம்தானே இருக்கு?"

"செத்தவங்களுக்கு வெறும் நம்பர்தான். இந்தக் குறி போட்டவங்க எங்க போனாங்கன்னு தெரியாதவங்க. கடைசியாப் பாத்தப்ப உயிரோட இருந்தாங்க. அதுக்கு மேல தெரியாது."

அம்மா குனிந்து, ஒரு கூட்டல் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இவங்க சாகல."

"செத்துட்டாங்கன்னு சொல்ல முடியாது."

"அண்ணன் இதுல இருந்தான்னா? அவனுக்கும் இந்தக் குறிதானே போடுவ?"

அவர் என்னைப் பார்த்தார். "போடமாட்டேன்னு..." என்று தொடங்கி, வழக்கமான இடத்தில் முடித்தார். "சொல்ல முடியாதும்மா."

சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது. விழவில்லை. யாரோ அதை மிக மெதுவாக வைத்தார்கள்.

அன்று முதல் அம்மா கோயிலில், சந்தையில், கீழ்க்கடையில் எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினார். "எம்புள்ள பெரிய படிப்புப் படிக்கிறான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டான். அண்ணன் செத்துட்டான்னு சொல்ல முடியாதாம்." தேக்காவில் மீன் விற்ற சீனக் கிழவிக்குக்கூட மலாயில் சொன்னார். பாடல் குழுக்காரர் இரண்டு ஞாயிறு பாட வரவில்லை.

மறு சனிக்கிழமை அண்ணி எங்கள் எதிரில் வந்து நின்றார். காப்பி இல்லை.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. இந்தக் கூட்டல் போட்டவங்கள உங்க கணக்குல எது வரைக்கும் வச்சிருப்பீங்க? முடிவே கிடையாதா?"

அவர் அதைப் பாடக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். படிப்பைப் பற்றி அண்ணி அதுவரை ஒன்றும் கேட்டதில்லை என்ற மகிழ்ச்சிகூட அவர் முகத்தில் தெரிந்தது. "இல்ல அண்ணி. கடைசியாப் பாத்த நாளு வரைக்குந்தான். அதுக்கப்புறம் அவங்கள எண்ணறது இல்ல. சாகல, ஆனா எண்ணிக்கையிலயும் இல்ல."

"சாகல. ஆனா எண்ணிக்கையிலயும் இல்ல" என்று அண்ணி நிதானமாகத் திரும்பச் சொன்னார். "அது உங்க அண்ணன் இல்ல தம்பி. அது நான்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அண்ணி உள்ளே போனபிறகும் வெகுநேரம் நாங்கள் படிக்கவில்லை. வரும் வாரம் தேர்வு. எனக்கு அந்தக் கவலை ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கவலையை அங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்கமாகவும் இருந்தது.

தேர்வு முடிந்த கையோடு அவர் தானாகவே பங்குத்தந்தையிடம் போனார். என்ன சொன்னார் என்று பாய் கடையில் வைத்து எனக்குச் சொன்னார். "‘அண்ணன் உயிரோட இருக்கார்னு நம்பறதுக்கு எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல ஃபாதர்’னேன். ஃபாதர் அதையே எழுதிக்கிட்டு, ‘போதும் தம்பி, இவ்வளவுதான் கேட்டேன்’னாரு."

"நல்லதாப் போச்சுண்ணே."

"தப்பிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்றார். முகம் தெளியவில்லை. "செத்துட்டாருன்னு நான் சொல்லல. ஃபாதருக்கு வேண்டியது கெடைச்சிருச்சு. நான் சொல்லாமலேயே கெடைச்சிருச்சு."

வேறு சிலரும் போய்ச் சொன்னார்கள். பட்டறையில் அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் அந்தக் கப்பலின் நிலையைப் பற்றிச் சொன்னாராம். தாள்கள் ஆயர் இல்லத்துக்குப் போய், மாதங்கள் கழித்து அனுமதி வந்தது. பாடல் குழுக்காரருக்குத் தெம்பனிஸில் புது வீடு கிடைத்திருந்தது. திருமணத்துக்கு நாள் குறித்தார்கள்.

கத்தோலிக்கர் வழக்கம் ஒன்றை நான் அப்போதுதான் அறிந்தேன். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் மணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சபையில் அறிவிப்பது. மணப்பெண் ஏற்கெனவே மணமானவர் என்றால் அதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். முதல் ஞாயிறு பங்குத்தந்தை, ‘காலஞ்சென்ற’ என்று சொல்லி, அதற்கு அடுத்து அண்ணனின் பெயரை வாசித்தார்.

அந்தச் சொல்லை அந்தப் பெயரோடு சேர்த்து அம்மா அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கேட்டாராம், "யாரு காலஞ்சென்றது? யாரு சொன்னா?" இரண்டாம் ஞாயிறு வாசிக்கத் தொடங்கியதுமே எழுந்து வெளியே போய்விட்டார். மூன்றாம் ஞாயிற்றுக்கு முன்தினம் மகனிடம், "நாளைக்கு நான் வெளிய போகமாட்டேன். எந்திரிச்சு நிப்பேன். தடை இருக்குன்னு சொல்வேன்" என்றிருக்கிறார்.

"நீங்களும் வர முடியுமா வாத்தியாரே?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் போய் என்ன செய்யப்போகிறேன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பூசை முழுக்கத் தவிப்பு. எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது, கையைக் கூப்புவதா கட்டுவதா. முன்வரிசைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கணம் பிந்தியே எல்லாம் செய்தேன். தவிப்பு அதிகமானால் எண்ணுவது என் வழக்கம். தூண்களை, விசிறிகளை, பாடல் குழுவில் வாய் திறக்காதவர்களை எண்ணினேன். வாய் திறக்காதவர் ஒருவர்தான். அண்ணி எங்களுக்கு முன் பெஞ்சில், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா எனக்கும் மகனுக்கும் அப்பால், ஓரத்தில்.

பங்குத்தந்தை ஓலையை எடுத்தார். பெயர்கள். ‘காலஞ்சென்ற.’

அம்மா எழுந்தார்.

தடை தெரிந்தவர்கள் அங்கேயே எழுந்து நிற்பது வழக்கமில்லை. பிறகு அறைக்குப் போய்ச் சொல்வதுதான் முறை. ஆனாலும் பங்குத்தந்தை வாசிப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ, "ஐயோ, பாட்டி எந்திரிச்சிட்டாங்களே" என்று முணுமுணுத்தார்கள். அண்ணி திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் விறைத்தது.

அம்மா பீடத்தைப் பார்த்துப் பேசவில்லை. மகனைப் பார்த்தார்.

"டேய், சாமி சொல்றது நெசமா? நீ படிச்சவன். நீ சொல்லு. எம்புள்ள செத்துட்டானா?"

அவரும் எழுந்தார். அந்த வாக்கியம் அவர் வாயில் உருவாவதை நான் பார்த்தேன். எத்தனையோ வடிவத்தில் கேட்ட வாக்கியம். ‘இருக்கார்னு சொல்ல...’ என்று உதடு அசைந்தே விட்டது. பிறகு நின்றது. முன் பெஞ்சில் அந்தக் கழுத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "அண்ணன் செத்துட்டாரு."

தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

அம்மா, கால் வலிக்கிறவர்கள் உட்காருவதுபோல, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜெபமாலையை எடுத்தார். அண்ணி அப்போதுதான் திரும்பி, பெஞ்சுக்கு மேலாகக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. அது அம்மாவின் மடியில் கிடந்தது. பங்குத்தந்தை மிச்சத்தை வாசித்து முடித்தார்.

பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் இறங்கினோம். பாடல் குழுக்காரர் அவரிடம் வந்து கையைப் பற்றிக் குலுக்கினார். அம்மா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாதா சிலை இருக்கும் கெபிப் பக்கம் போய், மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கினார். இறந்தவர்களுக்காக ஏற்றும் இடத்தில் அதை ஏற்றுகிறாரா, வேண்டுதலுக்கு ஏற்றும் இடத்தில் ஏற்றுகிறாரா என்று நான் கவனித்தேன். கூட்டம் மறைத்துவிட்டது.

நாங்கள் இருவரும் மரத்தடியில் நின்றோம். என்னால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"பின்ன எப்படி..."

"ரெண்டு பக்கமும் தப்பு நடக்கலாம் வாத்தியாரே. நம்ம கிளாஸ்ல படிச்சதுதானே. அண்ணன் செத்திருந்து, உயிரோட இருக்கலாம்னு நான் சொன்னா, அந்தத் தப்ப அண்ணி சுமக்கணும். அவர் உயிரோட இருந்து, செத்துட்டார்னு நான் சொன்னா, அத நான் சுமக்கணும். எந்தத் தப்பு யார் தலையிலன்னு இத்தன நாளு நான் பாக்கவே இல்ல. நான் தப்பே பண்ணாம இருக்கணும்னு மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பூசைக்கான ஆட்கள் வாசல் வழியாக உள்ளே வரத் தொடங்கினார்கள்.

"தப்பா இருந்தா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"இருந்தா, அண்ணன் வரட்டும்" என்றார். "எல்லார் முன்னாலயும் வச்சு, ‘ஏண்டா என்னச் சாகடிச்ச’ன்னு ஒரு அறை விடட்டும். சந்தோசமா வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு, உள்ளே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.